குட்டி யானைக்கு என்ன எண்ணெய்? (இன்ஜின் ஆயிலின் கதை)

ஆனையூரில் யானைக்குப் பஞ்சமே இல்லை! தெருவுக்கு இரண்டாவது நிற்கும். பயப்பட வேண்டாம், எல்லாம் நாலு சக்கர யானைகள். 2005 மே மாதம் டாடா மோட்டார்ஸ் 'ஏஸ்' என்ற சின்ன சரக்கு வண்டியைக் கொண்டுவந்தது. இரண்டே சிலிண்டர், 702 சி.சி. டீசல் இன்ஜின், 16 குதிரைத்திறன், முக்கால் டன் சுமை. வடக்கே அதை 'சோட்டா ஹாத்தி' என்றார்கள். தமிழ்நாட்டில் 'குட்டி யானை' ஆகிவிட்டது. தனி நகராட்சியாக இருந்து 2011இல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்த ஆனையூருக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி எது?

குட்டி யானைக்கு அண்ணன்களும் உண்டு. ஒரு டன், ஒன்றரை டன் ஏற்றும் பிக்கப் வண்டிகள். விடியற்காலையில் பரவை மார்க்கெட்டுக்குக் காய்கறி, மாட்டுத்தாவணிக்குப் பூ, அப்புறம் செங்கல், சிமெண்ட், கல்யாண வீட்டுச் சாமான் என்று நாள் முழுக்க ஓடும். பெரும்பாலும் ஓட்டுநரேதான் முதலாளி. வண்டி நின்றால் மாதத் தவணை நிற்காது. அதனால்தான் ஒர்க்ஷாப்பில் வண்டியை விடும்போது அந்தக் கேள்வி வருகிறது: "அண்ணே, என்ன ஆயில் ஊத்தப் போறீங்க?"

இந்தக் கேள்விக்கு ஒர்க்ஷாப்புகளில் பரம்பரையாகச் சில வாக்குகள் உண்டு. ஆயில் கெட்டியா இருக்கணும். கறுத்துப் போனா அது செத்த ஆயில். ஒரு கம்பெனி ஊத்தினா கடைசி வரை அதையே ஊத்தணும். குச்சியில அளவு குறையாத வரைக்கும் கவலையில்ல.

வேடிக்கை என்னவென்றால் இவை எதுவுமே கட்டுக்கதை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் சரியாகத்தான் இருந்தது. இன்ஜின் மாறிவிட்டது, வாக்கு மாறவில்லை, அவ்வளவுதான். எந்த வாக்கு எந்தக் காலத்து இன்ஜினுக்காகப் பிறந்தது என்று தெரிந்தால், இன்று கடையில் கேன் வாங்கும்போது எதை நம்பலாம், எது காலை வாரும் என்பதும் தெரிந்துவிடும்.

மசகு

இன்ஜின் வருவதற்கு முன்பே எண்ணெய் இருந்தது. மாட்டு வண்டியில் சக்கரத்தின் குடமும் அச்சும் உரசும் இடத்தில் போடுவதற்குப் பெயர் மசகு. வைக்கோலைச் சுட்ட கரியை விளக்கெண்ணெயில் குழைத்துச் செய்வார்கள். ஒரு மூங்கில் குழாயில் அடைத்து வண்டிக்கு அடியில் தொங்கவிட்டிருப்பார்கள். கீச் கீச் என்று சத்தம் வந்தால் இறங்கி ஒரு குச்சியால் எடுத்துத் தடவ வேண்டியதுதான். 'மசகு எண்ணெய்' என்ற சொல் இதிலிருந்து வந்ததுதான். (இலங்கைப் பத்திரிகைகளில் 'மசகு எண்ணெய் விலை உயர்வு' என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். அங்கே அது கச்சா எண்ணெயைக் குறிக்கும்.)

மசகு கன்னங்கரேல் என்றுதான் இருக்கும். கெட்டியாகத்தான் இருக்கும். நீர்த்திருந்தால் அச்சில் நிற்காமல் வழிந்துவிடும். ஆக, 'கெட்டியாக இருந்தால் நல்லது' என்ற எண்ணத்துக்கு வயது மோட்டாரை விட அதிகம்!

இந்த விளக்கெண்ணெய் இன்ஜினுக்குள்ளும் போயிருக்கிறது. 1899இல் லண்டனில் சார்லஸ் வேக்ஃபீல்டு ஒரு எண்ணெய்க் கம்பெனி தொடங்கினார். 1909இல் ஆமணக்கு எண்ணெய் கலந்த ஒரு இன்ஜின் ஆயிலை விற்கத் தொடங்கி, ஆமணக்கின் ஆங்கிலப் பெயரை ஒட்டி அதற்கு 'காஸ்ட்ரால்' என்று பெயர் வைத்தார். அடுத்த ஆண்டே அந்தக் கம்பெனியின் எண்ணெய்கள் இந்தியாவுக்கும் வந்தன. முதல் உலகப் போரில் பறந்த பல விமானங்களின் சுழல் இன்ஜின்களுக்கு ஆமணக்கு எண்ணெய்தான் ஊற்றினார்கள், அது பெட்ரோலில் எளிதில் கரையாது என்பதால். எரியாத எண்ணெய்ப் புகை முகத்தில் அடித்து விமானிகளுக்கு வயிறு கலங்கியதாகச் சொல்வார்கள். விளக்கெண்ணெயின் குணம் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது!

ஆமணக்கு எண்ணெயிடம் ஒரு குறை உண்டு. தொடர்ந்து சூடானால் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதனால் அன்றாடம் ஓடும் வண்டிகளில் மண்ணெண்ணெய், பெட்ரோல் எடுத்த பிறகு கச்சாவில் மிஞ்சும் கனமான பகுதியிலிருந்து செய்த கனிம எண்ணெய்தான் நிலைத்தது.

மதுரையில் மோட்டார்

மதுரையின் மோட்டார் சரித்திரத்தை டி.வி.சுந்தரம் ஐயங்காரை விட்டுவிட்டு எழுத முடியாது. 1877இல் திருக்குறுங்குடியில் பிறந்தவர். 1912இல் மதுரையில் பேருந்து விடத் தொடங்கினார். அந்தக் காலத்து வண்டிகளில் ஊற்றிய எண்ணெயைச் 'சாதா எண்ணெய்' என்றே சொல்லலாம். கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்துச் சுத்தம் செய்ததோடு சரி, உள்ளே வேறு மருந்து எதுவும் கிடையாது. அதனால் எண்ணெயைச் சோதிக்கக் கண்ணும் விரலும் போதும். இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார். வழுவழுப்பு இருக்கிறதா? கெட்டியாக இருக்கிறதா? நிறம் தெளிவாக இருக்கிறதா? இதற்கு மேல் அறிய அதில் எதுவும் இல்லை.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது டி.வி.எஸ். நிறுவனம் கரியில் ஓடும் வாயுக் கலனை உருவாக்கி விற்றது. பேருந்தின் பின்னால் ஒரு அடுப்பு மாதிரி கலன் இருக்கும். அதில் கரியைப் போட்டு எரித்து, அந்த வாயுவில் வண்டி ஓடும். நல்ல யோசனைதான். ஆனால் கரி வாயுவோடு தாரும் சாம்பலும் சேர்ந்து வரும். வடிகட்டி சரியில்லை என்றால் நேராக சிலிண்டருக்குள் போய் எண்ணெயில் கலந்து அதைக் கெடுத்துவிடும். அப்படிப்பட்ட வண்டிகளில் கறுத்த எண்ணெய் என்றால் உண்மையிலேயே செத்த எண்ணெய்தான். உடனே மாற்றாவிட்டால் உலோகத்தை உலோகம் தின்றுவிடும். 'கறுத்தால் கெட்டது' என்ற வாக்குக்கு இதைவிட நல்ல நியாயம் வேண்டுமா?

கறுப்பு ஏன் நல்லது?

டீசல் வந்ததும்தான் கதை தலைகீழானது.

ருடால்ஃப் டீசல் 1892இல் காப்புரிமை கேட்டார். 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய இன்ஜின் ஒழுங்காக ஓடிக் காட்டியது. லாரிக்குள் அடங்கும் அளவுக்கு டீசல் இன்ஜின் சிறிதாக 1920கள் ஆயின. அமெரிக்காவில் கேட்டர்பில்லர் நிறுவனம் 1931இல் டீசல் டிராக்டர்களை விற்கத் தொடங்கியபோது ஒரு புது வியாதி தலைகாட்டியது. டீசல் எரியும்போது புகைக்கரி நிறைய வரும். சாதா எண்ணெய் அந்தக் கரியை அப்படியே பிஸ்டன் காடியில் படியவிட்டது. படிந்த கரி வெந்து இறுகி, பிஸ்டன் ரிங்கை அசையவிடாமல் ஒட்டிக்கொண்டது. ரிங் ஒட்டினால் அழுத்தம் போச்சு, புகை கக்கும், கடைசியில் இன்ஜினையே இறக்க வேண்டியதுதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இப்படிப்பட்ட இன்ஜினில் எண்ணெயை வெளியே எடுத்துப் பார்த்தால் ஓரளவு தெளிவாகவே இருக்கும்! அழுக்கு எல்லாம் பிஸ்டனில் அல்லவா உட்கார்ந்திருக்கிறது? எண்ணெய் சுத்தம், இன்ஜின் நாசம்.

1930களின் நடுவில் கேட்டர்பில்லரும் கலிஃபோர்னியாவின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனமும் சேர்ந்து இதற்கு மருந்து கண்டன. எண்ணெயில் சோப்பு மாதிரியான உலோக உப்புகளைக் கலந்தார்கள். துணியில் இருக்கும் அழுக்கைச் சோப்பு எப்படி இழுத்துத் தண்ணீரில் மிதக்கவிடுகிறதோ அதே வேலை. கரி பிஸ்டனில் படியாமல் எண்ணெயிலேயே மிதக்கும். எண்ணெயை மாற்றும்போது கரியும் சேர்ந்து வெளியே போய்விடும். 'டெலோ' என்ற பெயரில் அந்த எண்ணெய் விற்பனைக்கு வந்தது. டீசல் இன்ஜின் மசகு எண்ணெய் என்பதன் ஆங்கில முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர்.

துணி துவைத்த தண்ணீர் அழுக்காக இருந்தால் சோப்பு சரியில்லை என்று யாராவது சொல்வார்களா? டீசல் இன்ஜின் ஆயில் கறுப்பதும் அப்படித்தான். புது ஆயில் ஊற்றி ஒரே நாளில் கறுத்துவிட்டது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. கறுத்தது என்றால் ஆயில் வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். எப்போது மாற்ற வேண்டும் என்பதை நிறத்தை வைத்துச் சொல்லவே முடியாது. ஓடிய கிலோமீட்டரும் கடந்த மாதங்களும்தான் கணக்கு.

மூன்றாவது வாக்கும் இந்த இடத்தில்தான் பிறந்திருக்க வேண்டும். பல வருடம் சாதா எண்ணெயில் ஓடி உள்ளே சேறு கட்டிய பழைய இன்ஜினில் திடீரென்று சோப்பு கலந்த புது எண்ணெயை ஊற்றினால் என்ன ஆகும்? சேறு மொத்தமாகக் கிளம்பிப் போய் ஃபில்டரையும் எண்ணெய் வழிகளையும் அடைக்கும். நன்றாக ஓடிய வண்டி, புது ஆயில் ஊற்றிய மறுவாரம் படுத்துவிடும். 'கம்பெனி மாத்தாதே' என்று சொன்னவர் பட்ட பிறகுதான் சொல்லியிருப்பார். இன்று கடையில் விற்கும் டீசல் ஆயில் எல்லாவற்றிலும் இந்தச் சோப்பு மருந்து இருக்கிறது. ஒரே தரக் குறியீடு உள்ள இரண்டு கம்பெனி ஆயிலை மாற்றி ஊற்றுவதில் பழைய ஆபத்து கிடையாது.

எச்.டி. 40

இரண்டாம் உலகப் போர் இந்த மருந்து எண்ணெயை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அமெரிக்க ராணுவம் 1941இல் தன் வண்டிகளுக்கு இன்ன சோதனையில் தேறிய எண்ணெய்தான் வேண்டும் என்று விதி போட்டது. போர் முடிந்து 1947இல் அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம், அதாவது ஏ.பி.ஐ., எண்ணெய்களை சாதாரணம், உயர்தரம், கடும் உழைப்பு என்று மூன்றாகப் பிரித்தது. அந்தக் 'கடும் உழைப்பு' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் எச்.டி. பழைய லாரிக்காரர்கள் 'எச்.டி. நாப்பது' என்று கேட்டு வாங்கியது இதைத்தான். எச்.டி. என்பது மருந்து, நாற்பது என்பது கெட்டித்தன்மை. அந்த எண்ணை அமெரிக்காவின் மோட்டார் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. வகுத்தது. அதன் முதல் பட்டியல் வந்தது 1911இல்.

சுதந்திரத்துக்குப் பின் டீசல் லாரிகள் இந்தியாவிலேயே தயாராகத் தொடங்கின. 1954இல் டாடா, மெர்சிடிஸ் பென்ஸ் கூட்டு. 1948இல் எண்ணூரில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. எண்ணெய் விற்றவர்கள் பர்மா ஷெல், கால்டெக்ஸ், எஸ்ஸோ என்று எல்லாம் வெளிநாட்டுக்காரர்கள்.

பிறகு அரசாங்கம் உள்ளே வந்தது. 1965இல் உருவான மெட்ராஸ் ரிஃபைனரீஸ் நிறுவனத்தில் இந்திய அரசோடு அமெரிக்காவின் அமோகோவும் ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் பங்குதாரர்கள். 1969இல் மணலியில் ஆலை ஓடத் தொடங்கியது. பெட்ரோல், டீசலோடு மசகு எண்ணெய்க்கான அடிப்படை எண்ணெயும் அங்கே தயாரானது. (2000இல் அதன் பெயர் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் ஆனது.) 1972இல் இந்தியன் ஆயில் 'சர்வோ' என்ற பெயரில் தன் மசகு எண்ணெய்களைக் கொண்டுவந்தது, அதே ஆண்டு ஃபரிதாபாத்தில் ஆராய்ச்சி மையமும் தொடங்கியது. மதுரையில் தனியார் பேருந்துகள் அரசுடைமையாகி பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்ததும் அதே 1972இல்தான். 1974இல் எஸ்ஸோ, 1976இல் பர்மா ஷெல், பின்னாலேயே கால்டெக்ஸ் என்று ஒவ்வொன்றாக அரசு கைக்கு வந்தன. மருந்து மட்டும் சும்மா வருமா? அதற்கும் 1966இல் லூப்ரிசால் இந்தியா, 1989இல் மணலியிலேயே இந்தியன் அடிட்டிவ்ஸ் என்று கூட்டு நிறுவனங்கள் வந்தன.

அந்தக் கால இன்ஜின்களை நினைத்துப் பார்க்க வேண்டும். பாகங்களுக்கு நடுவே இடைவெளி இன்றையதைவிட அதிகம். டர்போ கிடையாது. அளவுக்கு மேல் பாரம். சிலிண்டர் தேய்ந்தால் ரீபோர் அடித்து மறுபடி ஓட்டுவார்கள், அதுவும் தேய்ந்தால் இன்னொரு போர். இப்படித் தேய்ந்த இன்ஜினில் கெட்டி ஆயில் ஊற்றினால் புகை குறையும், ஆயில் குடிப்பது குறையும், சத்தமும் அடங்கும். மதுரை வெயிலுக்கும் நாற்பது ஒத்துவந்தது. 'கெட்டியா ஊத்துங்கண்ணே' என்பது அன்றைக்குப் புத்திசாலித்தனம்.

இன்றைக்கு? இங்கேதான் ஒரு பெரிய தவறான புரிதல் இருக்கிறது. 15டபிள்யூ-40 என்ற ஆயிலைப் பார்த்து 'தண்ணி மாதிரி இருக்கு, இதுக்கு வெறும் நாப்பதே மேல்' என்பவர்கள் உண்டு. உண்மையில் இரண்டிலும் உள்ள அந்த 40 ஒன்றேதான். 100 டிகிரி சூட்டில் இரண்டும் ஒரே கெட்டி வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பது எஸ்.ஏ.இ. விதி. வித்தியாசம் குளிர்ந்திருக்கும்போதுதான். 'டபிள்யூ' என்றால் ஆங்கிலத்தில் குளிர்காலம். மதுரையில் ஏது குளிர்காலம் என்று கேட்கலாம். மார்கழியிலும் 20 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். ஆனால் இன்ஜினுக்கு 20 டிகிரியும் குளிர்தான். ஓடும்போது அது இருப்பது 100 டிகிரியைச் சுற்றி. விடியற்காலை நாலு மணிக்கு சாவியைத் திருப்பும்போது வெறும் 40 ஆயில் கஞ்சி மாதிரி மெதுவாக ஏறும். 15டபிள்யூ சீக்கிரம் ஏறிவிடும். அந்தச் சில நொடிகளில் இன்ஜின் கிட்டத்தட்ட வறண்டு ஓடுகிறது. டர்போ உள்ள பிக்கப்பில் இது இன்னும் முக்கியம். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும், அதைத் தாங்குவது மெல்லிய ஒரு எண்ணெய்ப் படலம் மட்டுமே.

டப்பாவுக்குள் கூப்பன்

1990களின் தொடக்கத்தில் மசகு எண்ணெய் வியாபாரம் திறந்துவிடப்பட்டது. ஷெல், மொபில், கல்ஃப், எல்ஃப், வால்வோலின் என்று வரிசையாக வந்தார்கள். அதுவரை அரசு நிறுவனங்களின் ஆயில் பெரும்பாலும் பெட்ரோல் பங்கில்தான். காஸ்ட்ரால் ஏற்கெனவே உதிரிபாகக் கடைகளில் கால் ஊன்றியிருந்தது, மற்றவர்களும் அந்த வழியிலேயே போனார்கள். வணிகவியல் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. பணம் கொடுப்பவர் வண்டிக்காரர், ஆனால் எந்த ஆயில் என்று முடிவு செய்பவர் மெக்கானிக்! கம்பெனிகளுக்கு இது தெரியும். அதனால்தான் கேன் மூடிக்குள்ளே மெக்கானிக்குக்குக் கூப்பன், பரிசுப் புள்ளி எல்லாம் வந்தன. மெக்கானிக்கைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் சொல்லும் பெயருக்குப் பின்னால் அனுபவமும் இருக்கலாம், கூப்பனும் இருக்கலாம் என்பதை வண்டிக்காரர் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

கூடவே டூப்ளிகேட்டும் வந்தது. பிரபலமான கம்பெனியின் காலி கேனில் மட்ட ஆயிலை நிரப்பி மூடி போட்டு விற்பது. ஆயில் மாற்றியதும் காலி கேனில் ஆணியால் ஓட்டை போட்டுவிட்டுப் போவது விவரம் தெரிந்தவர்களின் பழக்கம்.

கம்பெனிப் பெயரைவிட முக்கியமானது கேனின் பின்பக்கத்தில் சின்னதாக அச்சடித்திருக்கும் எழுத்து. ஏ.பி.ஐ. 1970இல் கொண்டுவந்த குறியீடு அது. பெட்ரோல் இன்ஜினுக்கு 'எஸ்', டீசலுக்கு 'சி'. அந்த சி என்பது வணிகம் என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து, அதாவது காமர்ஸ்காரர்களின் எழுத்து! அதற்கு அடுத்த எழுத்து ஏற ஏற சோதனையும் கடுமையாகும். சிடி, சிஇ என்று போய் 1990இல் சிஎஃப்-4, 1998இல் சிஎச்-4, 2002இல் சிஐ-4, 2006இல் சிஜே-4, 2016 டிசம்பரில் சிகே-4. ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னாலும் ஒரு புகைக் கட்டுப்பாட்டு விதி இருக்கிறது. புகையைக் குறைக்க இன்ஜினை மாற்றினார்கள், மாற்றிய இன்ஜின் அதிகக் கரியை எண்ணெய்க்குள் தள்ளியது, அதைத் தாங்க எண்ணெயை மாற்றினார்கள். உதாரணமாக, வெளியேறும் புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள்ளேயே அனுப்பும் முறைக்காக வந்ததுதான் சிஐ-4.

2020க்குப் பிறகு

2020 ஏப்ரல் 1 அன்று நாடு முழுவதும் பிஎஸ்-6 விதி வந்தது. பிஎஸ்-4இலிருந்து ஐந்தைத் தாண்டி நேராக ஆறு. பிக்கப் வாங்குகிறவர்களுக்கு விலை ஏறியது மட்டும்தான் கண்ணில் பட்டது. ஆயில் விஷயத்தில் அதைவிடப் பெரிய மாற்றம் நடந்திருக்கிறது.

டீசலில் கந்தகம் உண்டு. எரிந்தால் அமிலமாகும். அந்த அமிலத்தை முறிக்க ஆயிலில் கால்சியம் போன்ற உப்புகளைத் தாராளமாகக் கலப்பார்கள். 1990களின் தொடக்கத்தில் டீசலில் பத்து லட்சத்துக்கு 10,000 பங்கு வரை கந்தகம் இருக்கலாம் என்று விதி. அது 2005இல் நாடு முழுவதும் 500க்கும், 2010இல் 350க்கும், 2017இல் 50க்கும், 2020இல் 10க்கும் இறங்கியது. ஆயிரத்தில் ஒரு பங்கு! முப்பது வருடத்துக்கு முந்தைய டீசலுக்கு மருந்து எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. இன்று அவ்வளவு அமிலமே கிடையாது.

அது மட்டுமல்ல, அதிக மருந்து இப்போது கெடுதலும் செய்யும். பல பிஎஸ்-6 பிக்கப்களில் சைலன்ஸர் வழியில் டீசல் துகள் வடிகட்டி இருக்கிறது. கரித்துகளை அது பிடித்து வைத்துக்கொண்டு, அவ்வப்போது சூடாகி எரித்துவிடும். கரி எரியும். ஆனால் இன்ஜினில் கொஞ்சம் கொஞ்சமாக எரியும் ஆயிலில் உள்ள உலோக உப்பு சாம்பலாக மிஞ்சும். சாம்பலை மறுபடி எரிக்க முடியுமா? அது அப்படியே வடிகட்டியில் தங்கி நாளடைவில் அடைத்துவிடும். அதனால்தான் சிஜே-4இலும் அதற்குப் பின் வந்த சிகே-4இலும் சாம்பல் 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு. வடிகட்டி உள்ள புது வண்டியில் 'அந்தக் காலத்து நல்ல ஆயில்' என்று பழைய எழுத்துள்ளதை ஊற்றினால் இன்ஜின் உடனே நிற்காது. வடிகட்டி அடைபட்டு, விளக்கு எரிந்து, இழுவை குறைந்து, செலவு பல மாதம் கழித்து வேறு பெயரில் வரும். ஆயிலால் வந்தது என்று யாருக்குமே தோன்றாது. கெட்ட ஆயிலைவிட இது மோசமான ஏமாற்றம்.

நான்காவது வாக்கையும் மாற்றியது இந்த வடிகட்டிதான். சில இன்ஜின்களில் வடிகட்டியைச் சூடாக்கக் கூடுதலாகக் கொஞ்சம் டீசலைத் தெளிப்பார்கள். அதில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலந்துவிடும். மார்க்கெட்டுக்கும் கடைக்கும் குட்டி குட்டி ஓட்டமாக நின்று நின்று போகும் வண்டியில் வடிகட்டி எரித்து முடிப்பதற்குள் இன்ஜின் அணைக்கப்படுவதால் இது அதிகம். ஆக, குச்சியில் அளவு குறையாமல் இருப்பது மட்டுமல்ல, ஏறிக்கொண்டே போனாலும் கவலைப்பட வேண்டும். ஏறுவது ஆயில் இல்லை, டீசல். நீர்த்துப்போன ஆயிலில் பேரிங் தாங்காது.

கடைசியாகக் கணக்கு. ஒரு பிக்கப்புக்கு 5 லிட்டர் ஆயில், 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுவது என்று வைத்துக்கொள்வோம். சரியான எழுத்துள்ள ஆயில் லிட்டருக்கு 100 ரூபாய் அதிகம் என்றால் கூடுதல் செலவு 500 ரூபாய். கிலோமீட்டருக்கு 5 பைசா! டீசல் லிட்டர் 90 ரூபாய், மைலேஜ் 12.5 என்றால் டீசலுக்கு மட்டும் கிலோமீட்டருக்கு 7 ரூபாய் 20 பைசா போகிறது. அந்த ஐந்து பைசாவை மிச்சம் பிடிக்கப்போய் டர்போவையோ வடிகட்டியையோ இழப்பது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் சேராது. அதே சமயம், பழைய 207க்கோ முதல் தலைமுறை ஏஸுக்கோ கடையில் இருப்பதிலேயே விலை உயர்ந்த சிந்தடிக் ஆயில் தேவையும் இல்லை. வண்டியோடு வந்த புத்தகத்தில் எந்த எண், எந்த எழுத்து என்று போட்டிருக்கும். அதே எண்ணும், அந்த எழுத்தோ அதற்குப் பின் வந்த எழுத்தோ உள்ள 15டபிள்யூ-40 போதும். வடிகட்டி உள்ள வண்டிக்கு மட்டும் புத்தகம் சொல்வதிலிருந்து ஒரு எழுத்துகூட இறங்கக் கூடாது. சில புது இன்ஜின்களுக்கு 5டபிள்யூ-30 என்று போட்டிருப்பார்கள். மெல்லிசாக இருக்கிறதே என்று தயங்காமல் அதையே ஊற்ற வேண்டும்.

வடித்த பழைய ஆயில் எங்கே போகிறது? சென்ட்ரிங் பலகையில் தடவ வாங்கிப் போவார்கள், சில இடங்களில் சாக்கடையிலும் ஊற்றிவிடுகிறார்கள். 2024 ஏப்ரல் 1 முதல் அடிப்படை எண்ணெயும் மசகு எண்ணெயும் தயாரிப்பவர்களும் இறக்குமதி செய்பவர்களும் பழைய ஆயிலில் ஒரு பங்கை மறுசுத்திகரிப்புக்கு அனுப்பிக் கணக்குக் காட்ட வேண்டும் என்று மத்திய அரசின் விதி வந்திருக்கிறது. பழைய ஆயிலைச் சுத்திகரித்தால் மறுபடி அடிப்படை எண்ணெய் ஆகும். ஆயில் மாற்றும்போது பழையதை ஒரு கேனில் பிடித்து, பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்பும் ஒர்க்ஷாப்பா என்று விசாரித்து அங்கேயே மாற்றினால் போதும், வண்டிக்காரருக்கு இதில் தனிச் செலவு ஒன்றும் இல்லை.